கூலன்ட் குறைந்தால் உடனே ஹெட்டைத் திறக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடைக்கால வாகனப் பராமரிப்பு குறித்து உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரை, பழைய கார்களில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவதற்கு இரண்டே யோசனை சொல்லியிருந்தது. குறைந்தால் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். அடிக்கடி குறைந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும், எஞ்சினைத் திறக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவே செய்ய வேண்டிய சோதனைகள் ஒன்றுகூட அதில் இல்லை. பட்டறைகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். சில நூறு ரூபாய் மூடியோ, ஒரு கிளிப்போ செய்த குற்றத்துக்கு ஹெட் கழற்றப்படுகிறது. மாருதி 800, ஆம்னி, ஜென், பழைய சான்ட்ரோ, பத்மினி என்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளை வைத்திருப்பவர்களுக்காக இந்தச் சோதனைகளை எழுதுகிறேன்.

முதலில், குறைவது உண்மையா என்று பார்க்க வேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சமதரையில் வண்டியை நிறுத்தி, ரிசர்வ் டேங்கில் நீர்மட்டம் இருக்கும் இடத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். சூடான எஞ்சினில் பார்த்த மட்டத்தையும் குளிர்ந்த எஞ்சினில் பார்த்த மட்டத்தையும் ஒப்பிட்டுப் பயனில்லை. சூட்டில் கூலன்ட் விரிந்து டேங்குக்கு வந்திருக்கும். கூலன்ட் புதிதாக மாற்றிய வண்டியில் முதல் சில நாட்கள் மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. உள்ளே தங்கிய காற்று வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

டேங்கை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் பலர். டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். இதற்குக் காரணம் மூடி. ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது, குக்கர் வெயிட் மாதிரி, உள்ளே குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை திறக்காது. நடுவில் இருக்கும் சிறியது, எஞ்சின் குளிரும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சலால் திறந்து டேங்கிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். சிறிய வால்வு ஒட்டிக்கொண்டாலோ, மூடிக்கும் டேங்குக்கும் நடுவே போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தாலோ, வெளியே போனது திரும்பி வராது. குளிர்ந்த பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சப்பிப்போய் ஒட்டியிருந்தால் அந்தச் சிறிய வால்வு வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

பெரிய வால்வு தளர்ந்தால் விளைவு வேறு. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்பது அதன் பொருள். 0.9 அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். கிளைக்கால் (கொதிநிலையை உயர்த்தும் ரசாயனம்) கலந்த கூலன்ட் இன்னும் மேலே போகும். ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் நிற்காவிட்டால் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்து, டேங்க் வழிந்து, தரையில் குட்டை கட்டும். பார்ப்பவர் "ஒழுகுது" என்பார். ஒழுகவில்லை, பொங்கியிருக்கிறது. மூடி மாற்றும்போது அதே எண்ணுள்ள மூடியைத்தான் போட வேண்டும். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் இன்னும் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள்; பழைய ஹோஸும் பழைய ரேடியேட்டரும் அந்தக் கூடுதல் அழுத்தத்தில் வாய் திறக்கும்.

பொங்குவதற்கு மூடி மட்டுமே காரணம் அல்ல. சிக்னலிலும் நெரிசலிலும் மட்டும் வெப்பமானி முள் ஏறி, சாலையில் ஓடும்போது இறங்கினால், ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வு). இவற்றைச் சரிசெய்யாமல் ஒழுகலைத் தேடுவது வீண்.

இனி அசல் ஒழுகலுக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியாத ஒழுகல் என்றால் எஞ்சினுக்குள்தான் போகிறது என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறோம். ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 சொட்டு. ஐந்து வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் மணிக்கு 36 மில்லி. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடும் வண்டியில் வாரத்துக்கு அரை லிட்டர் போய்விடும். அந்தச் சொட்டு சூடான பிளாக்கின் மேல் விழுந்தால் அங்கேயே ஆவியாகும், தரைக்கு வராது. ஆனால் தடம் விட்டுப் போகும். வெள்ளை அல்லது பச்சைப் பொடி படிந்த கோடு, சில இடங்களில் துருக் கோடு. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துத் தேட வேண்டியது ஈரத்தை அல்ல, இந்தக் கோட்டைத்தான்.

இதற்கெல்லாம் மேலானது அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் வாயில் பொருத்தும் கைப்பம்பும் அளவுமானியும் கொண்ட சிறு கருவி இது. ரேடியேட்டர் வேலை பார்க்கும் கடைகளிலும் நல்ல பட்டறைகளிலும் இருக்கும். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பி, கருவியை மாட்டி, மூடியில் உள்ள எண் வரை மட்டும் பம்பு செய்ய வேண்டும். அதற்கு மேல் ஒரு அடி கூட வேண்டாம், இல்லாத ஒழுகலை நாமே உண்டாக்கிவிடுவோம். பிறகு 15 நிமிடம் விட்டுவிடுங்கள். முள் அசையாமல் நின்றால் குளிர்ந்த நிலையில் ஒழுகல் இல்லை. இறங்கினால் எங்கோ போகிறது. வெளியே ஈரம் தெரிந்தால் இடம் கிடைத்தது. அதே கருவியில் மூடியையும் தனியாக மாட்டிச் சோதிக்கலாம். பல பட்டறைகள் இதைச் செய்வதே இல்லை.

குளிரில் ஒழுகாதது சூட்டில் ஒழுகலாம். சூட்டில் ஒழுகாதது குளிரிலும் ஒழுகலாம். ரப்பர் ஹோஸ் குளிர்ந்து சுருங்கும்போது கிளிப்பின் பிடி தளரும், அதிகாலையில் மட்டும் சொட்டும். உலோகத்தில் உள்ள நுண்ணிய வெடிப்போ நேர்மாறாகச் சூட்டில்தான் விரியும். எனவே குளிரில் தேறிய வண்டியை ஓட்டிச் சூடாக்கிவிட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

எங்கே தேடுவது? ஹோஸின் நடுப்பகுதியைவிட இரு முனைகளில்தான் கோளாறு வரும். முனையை அழுத்திப் பாருங்கள். நொறுநொறுவென்று சத்தம் வந்தாலோ, மற்ற இடத்தைவிடக் கொழகொழவென்று இருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. ஆயில் பட்டு ஊறிய ஹோஸ் உப்பிப் போயிருக்கும். புது ஹோஸ் போட்டும் அதே இடத்தில் ஒழுகினால் ஹோஸைத் திட்ட வேண்டாம். அது மாட்டும் அலுமினியக் குழாய் வாய் அரித்துக் குழி விழுந்திருக்கும். அதை உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்தாமல் எந்த ஹோஸும் நிற்காது. ஸ்க்ரூ கிளிப்பை வெறிகொண்டு முறுக்குவது ரப்பரை வெட்டும். கம்பெனி போட்ட ஸ்பிரிங் கிளிப்பைக் கேவலமாக நினைத்துக் கழற்றி எறிகிறார்கள். ரப்பர் சுருங்கினாலும் விரிந்தாலும் பிடியை விடாதது அதுதான்.

ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில், ரேடியேட்டர் முன்னால். நடுவே நீண்ட இரும்புக் குழாய்கள் வண்டிக்கு அடியில் போகின்றன. அவை துருப்பிடித்துப் பொடிவதைப் படுத்துப் பார்த்தால் ஒழியத் தெரியாது. பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியக் கோரும் (நடுவே உள்ள மெல்லிய குழாய்த் தொகுப்பு) உள்ள ரேடியேட்டரில் இரண்டும் மடித்துப் பிடிக்கப்பட்ட விளிம்பில் கசியும். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் வெடிப்பு வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் அடித்து இறுக்கப்பட்ட வட்டத் தகடு மூடிகள் இருக்கும். வெறும் தண்ணீரில் ஓடிய வண்டிகளில் அவை உள்ளிருந்தே அரிக்கும். ஒன்று எஞ்சின் மவுன்டுக்குப் பின்னாலும் இன்னொன்று கியர்பாக்ஸ் பக்கமும் ஒளிந்திருப்பதால் கடைசியில்தான் அகப்படும். ஒன்று பொடிந்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான், சேர்த்தே மாற்றிவிடுவது மேல்.

வாட்டர் பம்பின் அடியில் வேண்டுமென்றே ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியே வெளியேறும். துளையில் லேசான கறை இருப்பது பரவாயில்லை. சொட்டினால் பம்பு போய்விட்டது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்திருப்பதைப் பார்க்கும்போது தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். அடைத்த நாளிலிருந்து பேரிங் நாசம். பெல்ட்டைத் தளர்த்திவிட்டு பம்பு புல்லியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கவே கூடாது. டைமிங் பெல்ட்டே பம்பைச் சுற்றும் எஞ்சின்களில் பம்போடு பெல்ட்டையும் மாற்றிவிட வேண்டும். கூலன்ட் பட்டு ஊறிய பெல்ட்டை நம்ப முடியாது.

வண்டிக்குள் ஒழுகுவதும் உண்டு. டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் (கூலன்ட் ஓடும் சிறு ரேடியேட்டர்) கசிந்தால் முன்பக்கக் கால்மிதி ஈரமாகும், தித்திப்பான வாசனை வரும், முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் பசையாக மங்கும். ஏசி தண்ணீரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏசி தண்ணீருக்கு நிறமில்லை, விரலில் தேய்த்தால் பிசுபிசுக்காது. நாக்கில் வைத்து ருசி பார்க்கும் பழக்கம் சில பெரிய மெக்கானிக்குகளிடமும் இருக்கிறது. எத்திலின் கிளைக்கால் விஷம், செய்யாதீர்கள்.

கேஸ் கிட் பொருத்திய வண்டிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கேஸின் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் எல்பிஜி, சிஎன்ஜி ரெட்யூசரை உறையாமல் வைத்திருக்க எஞ்சினின் கூலன்ட் அதன் வழியே சுற்றுகிறது. கிட் மாட்டுபவர் ஹீட்டர் ஹோஸை அறுத்து டி-ஜாயின்ட் போட்டிருப்பார். புதிதாக நான்கு ஆறு இணைப்புகள், ஒவ்வொன்றும் ஒழுக ஒரு வாய்ப்பு. அதைவிட வில்லங்கமான விஷயம், ரெட்யூசருக்குள் சீல் போனால் கேஸ் நேராகக் கூலன்ட்டுக்குள் நுழையும். ரேடியேட்டர் வாயில் குமிழி வரும், டேங்க் பொங்கும். அச்சு அசலாக ஹெட் கேஸ்கெட் போன அறிகுறி. ஹெட்டைத் திறந்து, கேஸ்கெட் மாற்றி, வண்டியைப் பூட்டினால் மறுபடி அதே குமிழி. கேஸ் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, வண்டியைப் பெட்ரோலில் மட்டும் நன்றாக ஓட்டிப் பாருங்கள். குமிழி நின்றால் குற்றவாளி ரெட்யூசர். பக்கத்தில் நெருப்பு, பீடி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வெளியே எங்கும் ஒழுகல் இல்லை, அழுத்தச் சோதனையில் முள் மட்டும் இறங்குகிறது என்றால்தான் எஞ்சினுக்குள் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் ஹெட்டைக் கழற்றாமலே உறுதிசெய்ய முடியும். சிலிண்டருக்குள் எரியும்போது எழும் அழுத்தம் கூலன்ட்டின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு. ஆகவே எஞ்சின் ஓடும்போது புகைதான் கூலன்ட்டுக்குள் தள்ளப்படும். எஞ்சினை அணைத்த பிறகு சிலிண்டரில் அழுத்தம் இல்லை, கூலன்ட்டில் மட்டும் இருக்கிறது. இப்போது கூலன்ட் சிலிண்டருக்குள் கசியும். கேஸ்கெட் போன வண்டி காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில வினாடிகள் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் தள்ளாடுவதும், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவதும் இதனால்தான். சூடேறுவதற்கு முன்பே ஹோஸ் இறுகுகிறதென்றால் அந்த அழுத்தம் கொதிப்பால் வந்ததல்ல.

இதை நிறம் மாறும் நீலத் திரவத்தைக் கொண்டு நிரூபிக்கலாம். ரேடியேட்டர் மட்டத்தைக் கழுத்திலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் இறக்கிவிட்டு, எஞ்சின் சூடாகி ஓடும்போது கழுத்தில் உள்ள காற்றை அந்தத் திரவத்தின் வழியே இரண்டு நிமிடம் இழுக்க வேண்டும். எரிந்த புகையில் உள்ள கரியமில வாயு பட்டால் நீலம் மஞ்சளாகும். கூலன்ட்டையே உறிஞ்சிவிட்டால் சோதனை கெட்டுப்போகும். எல்பிஜி கசிவுக்கு இந்தத் திரவம் மாறாது. ரெட்யூசரையும் கேஸ்கெட்டையும் பிரித்தறிய இதுவும் ஒரு வழி.

எந்தச் சிலிண்டர் என்று தெரிய, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் வெளுத்திருந்தால் அதுதான். இன்னும் உறுதி வேண்டுமென்றால், குளிர்ந்த எஞ்சினில் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, அழுத்தக் கருவியைப் பம்பு செய்து சில மணி நேரம் வைத்து, இக்னிஷன் காயிலின் இணைப்பையும் எரிபொருள் வரத்தையும் துண்டித்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். கசிந்த சிலிண்டரின் துளையிலிருந்து கூலன்ட் பீய்ச்சும். முகத்தை நேராக நீட்ட வேண்டாம். பிளக்குகளை மாட்டியபடி இதைச் செய்யவே கூடாது. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும்.

வெள்ளைப் புகையை வைத்து மட்டும் முடிவெடுப்பது தவறு. ஊட்டியிலோ ஏற்காட்டிலோ மார்கழிக் காலையில் எந்த வண்டியின் சைலன்சரிலும் வெண்புகை வரும். வண்டி சூடான பிறகும் நிற்காமல், தித்திப்பு வாசனையோடு வந்தால்தான் கவலை. ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மயோனைஸ் நிறத்தில் பசை இருப்பதும் அப்படியே. தினமும் பத்து நிமிடம் மட்டும் ஓடும் வண்டியில் அது வெறும் நீராவி படிந்தது. ஆயில் குச்சியில் பால் கலந்த நிறம் இருக்கிறதா, எஞ்சினை ஒரு இரவு ஆறவிட்டு அடியில் உள்ள ஆயில் நட்டைத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். அதற்கு மாறாக ஆயிலில் தண்ணீர் இல்லாமல் கூலன்ட்டில் மட்டும் ஆயில் மிதந்தால், ஆயில் கூலர் உள்ள டீசல் எஞ்சின்களில் முதலில் அந்தக் கூலரைச் சந்தேகப்படுங்கள். ஓடும்போது ஆயில் அழுத்தம் கூலன்ட்டைவிட அதிகம், அதனால்தான் ஆயில் அந்தப் பக்கம் போகிறது.

ஒழுகலை அடைக்கும் பொடி பற்றி ஒரு வார்த்தை. ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது லாரிக்காரர்களின் பழைய கைவைத்தியம். ஊசித் துளையை அது சில நாள் அடைக்கும் என்பதை மறுக்கவில்லை. நடுக்காட்டில் நின்றால் செய்யலாம். ஆனால் அடைக்க வேண்டிய துளை எது, அடைக்கக் கூடாத குழாய் எது என்று மஞ்சளுக்கும் தெரியாது, டப்பாவில் விற்கும் பொடிக்கும் தெரியாது. ஹீட்டர் கோரும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் சேர்ந்தே அடைபடும். ஊர் வந்ததும் முழுக்கக் கழுவி எடுத்துவிட வேண்டும். போர் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றுவதும் மெதுவாக நடக்கும் அதே அடைப்புதான். அதன் சுண்ணாம்பு உள்ளே படியும், கூலன்ட்டில் உள்ள துருத்தடுப்பு நீர்த்துப்போகும். அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் ஊற்றலாம். பிறகு பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரும் கூலன்ட்டும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்து மாற்றிவிட வேண்டும்.

உங்கள் கட்டுரை 'முள் நடுவில் இருந்தால் கவலையில்லை' என்றும் சொல்லியிருந்தது. கூலன்ட் மிகவும் இறங்கிவிட்டால் சென்சார் நீரில் மூழ்கியிருக்காது, வெறும் ஆவியில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் இறங்கிக் காட்டும். ஹீட்டரைப் போட்டால் சூடான காற்று வராமல் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே கூலன்ட் இல்லை, உடனே அணைத்துவிடுங்கள். குறைந்தது அரை மணி நேரமாவது, மேல் ஹோஸைக் கையால் அழுத்தினால் அமுங்கும்வரை, மூடியைத் தொடாதீர்கள். வெந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும், கை வைக்குமுன் அதன் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள்.

எல்லாச் சோதனையும் கேஸ்கெட்டையே காட்டினால் திறக்கத்தான் வேண்டும். ஒரே சூட்டில் அலுமினிய ஹெட் இரும்பு பிளாக்கைவிட இரு மடங்கு விரியும், ஒரு முறை நன்றாக வெந்த ஹெட் கோணியிருக்க வாய்ப்பு அதிகம். நேர்க்கட்டையும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் அளந்து காட்டச் சொல்லுங்கள். பல எஞ்சின்களுக்கு எல்லை 0.05 மி.மீ. தான். லேத்தில் சீவுவதற்கு முன் வெடிப்பு இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், வெடித்த ஹெட்டைச் சீவி என்ன பயன்? கேஸ்கெட்டை மட்டும் மாற்றி, கோணிய ஹெட்டை அப்படியே பூட்டினால் சில மாதத்தில் அதே இடத்துக்கு வருவீர்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். 'வெயில் ஊருக்கு இது எதற்கு' என்று தெர்மோஸ்டாட்டை எடுத்துப் போட்டுவிட்டு மூடுவதை அனுமதிக்காதீர்கள்.

வேலை முடிந்து நிரப்பும்போது ஹீட்டரைச் சூடு பக்கம் முழுக்கத் திருப்பி, மூடியைத் திறந்தே வைத்து, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடேறும்வரை மெதுவாக ஊற்றுங்கள். நடுநடுவே ஹோஸை அமுக்கிவிட்டால் காற்றுக் குமிழிகள் வெளியேறும். ஆம்னி போல நீண்ட குழாய் உள்ள வண்டிக்கு இதற்குக் கூடுதல் பொறுமை வேண்டும். மூடியைப் பூட்டி, ஒரு சுற்று ஓட்டி, மறுநாள் காலை குளிர்ந்த பிறகு ரேடியேட்டரையே திறந்து மட்டம் பாருங்கள், டேங்கை மட்டும் அல்ல. இறக்கிய பழைய கூலன்ட்டைப் பட்டறை வாசலில் சட்டியில் விட்டு வைக்க வேண்டாம். தித்திப்பாக இருப்பதால் தெருநாயும் பூனையும் குடிக்கும், சிறிதளவே அவற்றைக் கொல்லப் போதும்.

இப்படிக்கு,
பழைய எஞ்சின் வேலை அறிந்த வாசகர்,
ஈரோடு